ஆபீஸ் கணினியை வீட்டிலிருந்து திறக்க: 3389-ஐத் தொடாமல் ஒரு வழி

ஆடிட்டர் ஆபீஸ், மருந்து மொத்த வியாபாரம், ஜவுளிக் கடை என்று எங்கே போனாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். சுவரில் ஃபைபர் இணைப்பின் ஓஎன்டி பெட்டி (பெரும்பாலும் ரவுட்டரும் அதுவேதான்), அதிலிருந்து மூன்று நான்கு கணினிகள், அவற்றில் ஒன்றில் கணக்கு எழுதும் டேலி. அந்த ஒரு கணினியை வீட்டிலிருந்தோ வெளியூரிலிருந்தோ திறக்க வேண்டும். விண்டோஸிலேயே ரிமோட் டெஸ்க்டாப் இருக்கிறது, தனியாக எதையும் வாங்க வேண்டாம். சிக்கலெல்லாம் நடுவில் இருக்கும் ரவுட்டரில்தான்.

"ரவுட்டர்ல 3389 போர்ட்டை ஃபார்வர்ட் பண்ணிடுங்க, முடிஞ்சது" என்பது ரொம்ப நாளாகச் சுற்றும் அறிவுரை. 3389 என்பது ரிமோட் டெஸ்க்டாப் உபயோகிக்கும் போர்ட், அதாவது கதவு எண். ஃபார்வர்ட் என்றால், வெளியிலிருந்து அந்த எண்ணுக்கு வருவதை ஆபீஸ் கணினிக்கு அனுப்பும்படி ரவுட்டரிடம் சொல்வது. இன்றைக்கு நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் அது வேலையே செய்யாது. வேலை செய்யும் இடத்தில் அதைச் செய்யக் கூடாது. இரண்டுக்கும் காரணம் கீழே வருகிறது. அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

முதலில் ஆபீஸுக்குள்ளேயே ஓட வேண்டும்

ரவுட்டரைத் தொடுவதற்கு முன், அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு லேப்டாப்பிலிருந்து டேலி கணினிக்குப் போய்ப் பாருங்கள். பக்கத்து மேசையிலிருந்தே திறக்காத கணினி, பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்து திறக்காது. "ரவுட்டர் பிரச்சினை" என்று வரும் புகார்களில் நிறைய, கணினிக்குள்ளேயே தீரக்கூடியவை.

விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் பக்கத்தில் பாருங்கள். ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்குள் மட்டும்தான் வெளியிலிருந்து வர முடியும். ஹோம் பதிப்பிலிருந்து இன்னொரு கணினிக்குப் போகலாம், ஹோமுக்குள் யாரும் வர முடியாது. கடையில் வாங்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் ஹோம்தான் இருக்கும். டேலி கணினி ஹோம் என்றால், கடைசிப் பகுதியில் வரும் எனிடெஸ்க் போன்றவற்றைப் பாருங்கள். ப்ரோ என்றால், செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் போய் ஆன் செய்யுங்கள். அங்கேயே இருக்கும் நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் டிக்கை எடுக்காதீர்கள். பழைய கணினியிலிருந்து வர முடியவில்லை என்று அதை எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. எடுத்துவிட்டால், பாஸ்வேர்டு சரிபார்க்கும் முன்பே லாகின் திரை எல்லோருக்கும் காட்டப்படும்.

அடுத்தது பாஸ்வேர்டு. பாஸ்வேர்டே இல்லாத கணக்கை ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே விடாது. நான்கு இலக்க பின் எண்ணும் இங்கே செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பின் எண்ணோ கைரேகையோ மட்டும் வைத்துப் பழகிய கணினியில், சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் "தவறு" என்றே சொல்லும். அந்தக் கணினியில் பாஸ்வேர்டு ஒருமுறைகூட உபயோகிக்கப்படவில்லை என்பதே காரணம். சைன்-இன் ஆப்ஷன்ஸில் விண்டோஸ் ஹலோ மட்டும் என்ற விருப்பத்தை அணைத்துவிட்டு, கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டு உள்ளே போங்கள். பிறகு வெளியிலிருந்தும் ஏற்கும்.

ரிமோட்டுக்கென்று தனிக் கணக்கு வைப்பது பார்க்க ஒழுங்காகத் தெரியும். ஆனால் சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் திரையை ஆள முடியும். நீங்கள் வேறு கணக்கில் நுழைந்தால், ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் வெளியே தள்ளப்படுவார், அவர் திறந்து வைத்த டேலி அவருடைய செஷனிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதே கணக்கில் நுழைந்தால் அவர் விட்ட திரை அப்படியே உங்களிடம் வரும், ஆபீஸ் மானிட்டர் பூட்டிக்கொள்ளும். ஒரே ஆள் இரண்டு இடத்திலிருந்து வேலை பார்க்க இதுதான் வசதி.

மூன்றாவது மின்சாரம். தூங்கிவிட்ட கணினிக்கு எந்த வழியிலும் போக முடியாது. பவர் செட்டிங்ஸில் ஸ்லீப் என்பதை நெவர் ஆக்குங்கள். திரை அணைந்தால் பரவாயில்லை. பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் கணினி அமைப்புப் பக்கம்) ஏசி பவர் லாஸ் என்று ஒரு வரி இருக்கும், அதை "பவர் ஆன்" ஆக்குங்கள். "லாஸ்ட் ஸ்டேட்" போதாது, ஏனென்றால் யாராவது முறையாக ஷட்டவுன் செய்தபின் கரண்ட் போய் வந்தால், அது அணைந்தபடியே கிடக்கும். ஓஎன்டிக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தால் நல்லது. கணினி மட்டும் உயிரோடு இருந்து பிரயோஜனமில்லை.

உங்கள் ரவுட்டருக்கு என்ன முகவரி?

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் வேன் ஐபி என்று ஒன்று இருக்கும், இணையப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் முகவரி அது. பிரவுசரில் "என் ஐபி என்ன" என்று தேடினால் வரும் எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் உங்களிடம் பொது ஐபி, அதாவது இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடிய முகவரி, இருக்கிறது. வேறானால், உங்களுக்கு மேலே இன்னொரு நேட் (பல கணினிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் ஏற்பாடு) உட்கார்ந்திருக்கிறது.

வேன் ஐபி 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், ஓஎன்டிக்குப் பின்னால் நீங்கள் இன்னொரு ரவுட்டர் மாட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (அது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றித் தர இணைய நிறுவனத்திடம் சொல்லலாம். வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அது சிஜி-நேட். ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால், ஒரே பொது முகவரியை இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. 100.64.0.0/10 என்ற வரிசையை இதற்கென்றே 2012இல் ஒதுக்கினார்கள்.

சிஜி-நேட்டில் போர்ட் ஃபார்வர்டிங் ஏன் பலிக்காது? நேட் பெட்டி, உள்ளேயிருந்து வெளியே போகும் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் வந்தால் அட்டவணையைப் பார்த்து உரிய கணினிக்கு அனுப்பும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுக்கு (தரவுத் துண்டுக்கு) அட்டவணையில் வரி இல்லை, அதனால் தூக்கிப் போட்டுவிடும். போர்ட் ஃபார்வர்டிங் என்பது அந்த அட்டவணையில் நாமே நிரந்தரமாக ஒரு வரி எழுதி வைப்பது. சிஜி-நேட்டில் முதல் அட்டவணை நிறுவனத்தின் பெட்டியில் இருக்கிறது, அதில் எழுத நமக்கு அனுமதி இல்லை. உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும், வருவதையெல்லாம் ஒரே கணினிக்கு விடும் டிஎம்இசட் போட்டாலும், பாக்கெட் உங்கள் வீதிக்கே வராது. மாறும் ஐபிக்கு ஒரு நிலையான பெயர் தரும் டைனமிக் டிஎன்எஸ்ஸும் இங்கே உதவாது. அது முகவரியைக் கண்டுபிடித்துத் தரும், கதவைத் திறக்காது.

கூடுதல் கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்கலாம், நிறுவனங்கள் தருகின்றன. ஆனால் இந்த ஒரு வேலைக்காக அதை வாங்க வேண்டியதில்லை.

3389-ஐ ஏன் திறக்கக் கூடாது

பொது ஐபி இருக்கிறவர்களுக்கு: இணையத்தின் ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும் ஓயாமல் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்கள் இருக்கின்றன. 3389 திறந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க அவற்றுக்கு அதிக நேரம் பிடிக்காது. பிறகு அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டேலி, அக்கவுன்ட்ஸ் என்று பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கும். ஈவென்ட் வியூவரின் செக்யூரிட்டி பகுதியில் 4625 என்ற எண்ணில் அவை வரிசையாக நிற்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழையும் வழிகளில் இது மிகப் பழையது, இன்னும் செல்லுபடியாவது.

பாஸ்வேர்டு நீளமாக இருந்தால் போதாதா? 2019 மே மாதம் வெளியான, ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்த ப்ளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது பேட்ச் கொடுத்தது என்றால் அதன் தீவிரம் புரியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பழைய கணினியில் டேலி ஓட்டுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

3389-க்குப் பதில் 33901 என்று எண்ணை மாற்றினால் லாக் கொஞ்சம் அமைதியாகும், அவ்வளவுதான். ஸ்கேனர்கள் எல்லா எண்களையும் பார்க்கும். மென்பொருள்கள் தாமாகவே ரவுட்டரில் போர்ட் திறக்க விடும் யுபிஎன்பியையும் அணைத்துவிடுங்கள்.

உள்ளேயிருந்து வெளியே அழைக்கும் வழி

வெளியே போகும் இணைப்பை நேட் தடுக்காது. அப்படியென்றால் ஆபீஸ் கணினியே வெளியே போய் நம்மைச் சந்திக்கட்டும். டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள் இதைத்தான் செய்கிறது. உள்ளே ஓடுவது வயர்கார்ட், இரண்டு கணினிகளுக்கு நடுவே மறைகுறியிட்ட டனல் (சுரங்கப் பாதை) போடும் விபிஎன் முறை. இரு முனைகளும் ஒரு ஒருங்கிணைப்பு சர்வரிடம் தங்கள் முகவரியைச் சொல்லிவிட்டு, ஒரே நேரத்தில் ஒன்றையொன்று நோக்கி யுடிபி (தரவு அனுப்பும் ஒரு முறை, டிசிபி இன்னொன்று) பாக்கெட் அனுப்பும். இரண்டு பக்க நேட் அட்டவணையிலும் வரி விழுந்துவிடுவதால் நேரடிப் பாதை திறக்கிறது. முடியாத இடத்தில் இடைநிலை சர்வர் வழியாகப் போகும், வேகம் குறையும். வீட்டு உபயோகத்துக்கும் சின்ன அளவுக்கும் இலவசத் திட்டம் உண்டு. வியாபார உபயோகம் என்றால் விதிகளைப் படித்துவிடுங்கள்.

ஆபீஸ் கணினியில் நிறுவி, கூகிள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே போங்கள். அந்தக் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம், இனி அதுதான் ஆபீஸ் சாவி. பிறகு இரண்டு விஷயம். இவற்றை விட்டதால் பாதியில் நின்றுபோகும் அமைப்புகளே அதிகம்.

முதலாவது, டாஸ்க்பார் ஐகானின் ப்ரிஃபரன்ஸஸில் "ரன் அன்அட்டென்டட்" என்பதை டிக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் யாராவது லாகின் செய்திருக்கும்வரைதான் அது ஓடும். இரவு கரண்ட் போய் வந்து கணினி தானே எழுந்தாலும், லாகின் திரையில் நின்றபடி யாருக்கும் எட்டாமல் இருக்கும். இரண்டாவது, நிர்வாகப் பக்கத்தில் அந்தக் கணினிக்கு "டிசேபிள் கீ எக்ஸ்பைரி" கொடுக்க வேண்டும். இயல்பாக 180 நாளில் சாவி காலாவதியாகும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய இணைப்பு ஒரு நாள் திடீரென்று செத்தால் முதலில் இங்கே பாருங்கள்.

இனி உங்கள் லேப்டாப்பிலும் அதே கணக்கில் நிறுவுங்கள். ஆபீஸ் கணினிக்கு 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைத்திருக்கும். ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷனில் அந்த முகவரியை இட்டால் போதும், போர்ட் எண் வேண்டாம், ரவுட்டரில் ஒரு மாற்றமும் வேண்டாம். டெயில்ஸ்கேலும் சிஜி-நேட்டுக்கு ஒதுக்கிய அதே 100.64 வரிசையைத்தான் எடுத்துக்கொள்கிறது என்பது ஒரு வேடிக்கை. ரவுட்டர் பக்கத்தில் தெரியும் 100-ம், டெயில்ஸ்கேலில் தெரியும் 100-ம் ஒன்றல்ல. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எல்லாம் ஓடியபின் ஒரு பூட்டு. விண்டோஸ் ஃபயர்வால் அட்வான்ஸ்டு பக்கத்தில் இன்பவுண்ட் ரூல்ஸில் "ரிமோட் டெஸ்க்டாப் - யூசர் மோட்" என்று டிசிபிக்கு ஒன்றும் யுடிபிக்கு ஒன்றும் இருக்கும். ஸ்கோப் தாவலில் ரிமோட் ஐபி இடத்தில் 100.64.0.0/10-ஐயும் உங்கள் ஆபீஸ் லேன் (ஆபீஸுக்குள் இருக்கும் நெட்வொர்க்) வரிசையையும் மட்டும் இடுங்கள். இதைக் கணினி முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள். ரிமோட்டில் இருந்தபடி ஒரு எண்ணைத் தவறாக அடித்தால், அந்த நொடியே உங்களையே வெளியே பூட்டிக்கொள்வீர்கள்.

பிரிண்டர், சிசிடிவி ரெக்கார்டர் போல எதையும் நிறுவ முடியாத பெட்டிகளும் வேண்டுமென்றால், எப்போதும் ஓடும் ஒரு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை, ஆபீஸ் நெட்வொர்க் முழுவதையும் டெயில்ஸ்கேலுக்குக் காட்டும் சப்நெட் ரவுட்டர் ஆக்கலாம். அதில் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கி, ஆபீஸ் வரிசையை அறிவிக்கச் சொல்லி, நிர்வாகப் பக்கத்தில் அந்த ரூட்டுக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஒப்புதல் கொடுக்க மறந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, அந்தப் பெட்டிகள் எட்டாமலே இருக்கும்.

பொது ஐபி இருந்தால்

மூன்றாவது நிறுவனம் நடுவில் வேண்டாம் என்பவர்கள் வயர்கார்டை நேரடியாகவே போடலாம். மைக்ரோடிக்கின் ரவுட்டர்ஓஎஸ் 7, ஓபன்டபிள்யுஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள்கள் இரண்டிலும் அது இருக்கிறது. வெளியே திறப்பது யுடிபி 51820 மட்டும். சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது என்பதால், ஸ்கேனருக்கு அங்கே ஏதும் இருப்பதே தெரியாது. ரவுட்டருக்கு 10.8.0.1, லேப்டாப்புக்கு 10.8.0.2 என்று கொடுத்து, லேப்டாப்பின் அலவுட் ஐபிஸ் வரியில் (டனல் வழியாக எந்த முகவரிகளுக்குப் போக வேண்டும் என்ற பட்டியல்) 10.8.0.0/24-ஐயும் ஆபீஸ் வரிசையையும் எழுதினால் போதும். அங்கே 0.0.0.0/0 என்று எழுதினால் உங்கள் யூடியூப்கூட ஆபீஸ் வழியாகச் சுற்றி வரும். பொது ஐபி அவ்வப்போது மாறினால் டக்டிஎன்எஸ், நோ-ஐபி போன்ற டைனமிக் டிஎன்எஸ் பெயரை முகவரி இடத்தில் இடுங்கள்.

இந்த முறையில் டேலி கணினிக்கு லேன் முகவரி மாறாமல் இருக்க வேண்டும். கணினியில் கையால் எழுதுவதைவிட, ரவுட்டரின் டிஹெச்சிபி ரிசர்வேஷனில் (ரவுட்டரே கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் இடம்) கணினியின் நெட்வொர்க் அடையாள எண்ணான மேக் முகவரியைக் கொடுத்து நிறுத்துவது நல்லது.

இன்னொன்று, சப்நெட் மோதல். ஆபீஸிலும் 192.168.1, வீட்டிலும் 192.168.1 என்றால், 192.168.1.20 என்று நீங்கள் கேட்கும்போது லேப்டாப் அதை வீட்டிலேயே தேடும். ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் காண்பது) ஆகும், டனல் பச்சையாகத் தெரியும், எதுவும் திறக்காது. ஆபீஸ் லேனை 192.168.57 போல யாரும் வைக்காத எண்ணுக்கு முதல் நாளே மாற்றிவிடுங்கள். பின்னால் மாற்றினால் பிரிண்டர், டேலி லைசென்ஸ் சர்வர் முகவரி என்று ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டிவரும்.

திறக்கவில்லை என்றால்

வெளியிலிருந்து வரும் வழிக்கான சோதனையை ஆபீஸ் வைஃபையில் இருந்தபடி செய்யாதீர்கள். லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போடுங்கள். உள்ளேயிருந்தே பொது ஐபியைக் கூப்பிட்டால் பல ரவுட்டர்கள் திருப்பி அனுப்பத் தெரியாமல் விட்டுவிடும், ஓடுகிற அமைப்பும் ஓடாததுபோலத் தெரியும்.

பிங் (கணினி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) வரவில்லை என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்துக்கொண்டே ரிமோட் டெஸ்க்டாப்பை விடும். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளைக்கு முகவரியையும் 3389-ஐயும் கொடுத்துப் பாருங்கள். அது ட்ரூ என்றால் பாதை சரி, பிரச்சினை கணக்கிலோ பாஸ்வேர்டிலோ. ஃபால்ஸ் என்றால் பாதையிலோ ஃபயர்வாலிலோ. வயர்கார்டில் கடைசி ஹேண்ட்ஷேக் நேரம் தெரியவே இல்லையென்றால் யுடிபி போய்ச் சேரவில்லை, அல்லது சாவிகள் இடம் மாறியிருக்கின்றன. ஹேண்ட்ஷேக் இருந்தும் திறக்கவில்லையென்றால் அலவுட் ஐபிஸ் வரியைப் பாருங்கள்.

உள்ளே போனபின் திரை அடிக்கடி உறைந்து நின்றால் யுடிபியைச் சந்தேகிக்கலாம். ரிமோட் டெஸ்க்டாப் டிசிபியோடு யுடிபியையும் சேர்த்து உபயோகிக்கும், டனலுக்குள் சில நேரம் அது இடறும். உங்கள் லேப்டாப்பின் குரூப் பாலிசியில், ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன் கிளையண்ட் பகுதியில் "டர்ன் ஆஃப் யுடிபி ஆன் கிளையண்ட்" என்பதை எனேபிள் செய்து பாருங்கள். கறுப்புத் திரை மட்டும் வந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைக் கூப்பிடலாம். டெலீட்டை அழுத்தினால் உங்கள் சொந்த லேப்டாப்தான் பதில் சொல்லும். காப்பி பேஸ்ட் நின்றுபோனால், ஆபீஸ் கணினியின் டாஸ்க் மேனேஜரில் ஆர்டிபிகிளிப் என்பதை முடித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்

ஆடிட்டர் ஆபீஸ்களில் எல்லாம் சரியாக ஓடி, கடைசியில் கையெழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஈபாஸ் 2003, ப்ராக்ஸ்கீ போன்ற யுஎஸ்பி டோக்கன் ஆபீஸ் கணினியில் செருகியிருக்கும். ஆனால் ரிமோட் டெஸ்க்டாப் செஷனுக்குள் ஜிஎஸ்டி தளம் சான்றிதழே இல்லை என்னும். டோக்கன் கெட்டுப்போகவில்லை. விண்டோஸ் அதை ஸ்மார்ட் கார்டாகப் பார்க்கிறது. ரிமோட் செஷனில் ஸ்மார்ட் கார்டு என்றால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியில் இருப்பது மட்டும்தான் தெரியும். ஆபீஸில் செருகியது மறைந்துவிடும்.

டோக்கனை உங்கள் லேப்டாப்பில் செருகி, இரண்டு கணினிகளிலும் அதன் டிரைவரை நிறுவி, ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷனின் லோக்கல் ரிசோர்சஸ் தாவலில் ஸ்மார்ட் கார்ட்ஸ் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். டோக்கன் ஆபீஸிலேயேதான் இருக்க வேண்டுமென்றால் எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்றவை ஓடும். அவை புது செஷன் திறப்பதில்லை, ஆபீஸ் திரையையே அப்படியே அனுப்புகின்றன. அதனால் அங்கே செருகிய டோக்கன் கண்ணில் படும். கணினி ஹோம் பதிப்பு என்றாலும் இவைதான் வழி. சிஜி-நேட்டையும் தாமாகவே தாண்டிக்கொள்ளும். ஆனால் ஆபீஸ் மானிட்டர் பூட்டிக்கொள்ளாது, நீங்கள் செய்வதை அங்கே இருப்பவர் பார்க்கலாம் என்பதை மறக்க வேண்டாம். "உடனே இதை நிறுவி எண்ணைச் சொல்லுங்கள்" என்று போனில் மோசடி செய்கிறவர்களும் இந்த வகை மென்பொருளைத்தான் கேட்கிறார்கள். எனவே எப்போதும் திறந்திருக்கும் அனுமதி கொடுத்தால் நீண்ட பாஸ்வேர்டும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டு வையுங்கள்.

அதே லோக்கல் ரிசோர்சஸ் தாவலில் டிரைவ்ஸ் என்பதைத் தேவையில்லாமல் டிக் செய்யாதீர்கள். ஆபீஸ் கணினியில் வைரஸ் இருந்தால் உங்கள் லேப்டாப்பின் சி டிரைவுக்கு அது வரும் பாதை அதுதான். பில்லை பிடிஎஃப் ஆக்கி, காப்பி பேஸ்ட்டில் எடுத்துக்கொள்வதே போதும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு ரிமோட் வழியாக அடித்தால் வரிகள் இடம் மாறும், அதற்கும் பிடிஎஃப்தான் கைகொடுக்கும். தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் மென்பொருளை ஆபீஸ் கணினியில் மட்டும் இயக்கி, லேப்டாப்பில் அணைத்து வைத்தால் எழுத்து குழம்பாது.

வேலை முடிந்து கிளம்பும்போது ஸ்டார்ட் மெனுவில் ஷட்டவுன் கொடுத்துவிட்டால், ஆபீஸுக்கு யாராவது போய் பட்டனை அழுத்தும்வரை ஒன்றும் செய்ய முடியாது. நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் வேக்-ஆன்-லேன் இருக்கிறதே என்பார்கள். அந்த மேஜிக் பாக்கெட் லேனுக்குள் சுற்றுவது, இணையம் தாண்டி வராது, டெயில்ஸ்கேல் டனல் வழியாகவும் போகாது. ஆபீஸுக்குள் ஏற்கெனவே விழித்திருக்கும் ராஸ்பெர்ரி பையோ ரவுட்டரோதான் அதை அனுப்ப வேண்டும், பயாஸில் அனுமதித்திருக்க வேண்டும், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்திருக்க வேண்டும். இத்தனை ஏற்பாடு இல்லாதவர்கள் ரிமோட் டெஸ்க்டாப் ஜன்னலின் மேல் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி இணைப்பை மட்டும் துண்டியுங்கள். அப்டேட் கேட்டால் ரீஸ்டார்ட் கொடுங்கள்.